ரத்தம் குடித்த கொசுவைத் தேடும் ஈப்புலி

வயிறு முட்ட ரத்தம் குடித்த கொசுவால் நெடுந்தூரம் பறக்க முடியாது. பக்கத்துச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு, குடித்தது செரிக்கும்வரை அசையாமல் கிடக்கும். மலேரியாவை ஒழிக்க வீட்டுச் சுவரில் மருந்தடிக்கிறார்களே, அது இந்த ஒரு பழக்கத்தை நம்பித்தான். கென்யாவின் விக்டோரியா ஏரிக்கரை வீடுகளில் இதே பழக்கத்தை நம்பி இன்னொரு ஜீவனும் சுவரில் காத்திருக்கிறது. அரை சென்டிமீட்டர் அளவே உள்ள ஓர் ஈப்புலி.

எவார்க்கா குலிசிவோரா என்பது அதன் அறிவியல் பெயர். வலை பின்னாமல், பார்த்துப் பதுங்கித் தாவிப் பிடிக்கும் சிலந்தி வகை. போலந்தின் வாண்டா வெசொவொவ்ஸ்காவும் நியூசிலாந்தின் ராபர்ட் ஜாக்சனும் 2003-ல்தான் இதைத் தனி இனமாக விவரித்தார்கள். கென்யா, உகாண்டா பக்கமாக விக்டோரியா ஏரியை ஒட்டிய பகுதி மட்டுமே இதற்குத் தெரிந்த இருப்பிடம்.

2005-ல் வந்த ஆய்வு இந்தச் சிலந்தியை அறிவியல் உலகில் பேசவைத்தது. இதற்குப் பிடித்த உணவு கொசு. அதிலும் ரத்தம் குடித்த பெண் கொசு. மனிதத் தோலைத் துளைத்து ரத்தம் உறிஞ்சும் வாயமைப்பு சிலந்திக்குக் கிடையாது. அதனால் நம்மைக் கடித்த கொசுவைப் பிடித்து, அதன் வயிற்றிலிருக்கும் ரத்தத்தைச் சாப்பிடுகிறது. பத்திரிகைகள் உடனே ‘ரத்தக் காட்டேரிச் சிலந்தி’ என்று பட்டம் சூட்டின. கூச்சல் அதிகமான பட்டம் என்றே எனக்குப் படுகிறது. இந்தச் சிலந்தியால் மனிதருக்கு ஒரு சொட்டு ரத்தமும் நஷ்டமில்லை.

விக்டோரியா ஏரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தண்ணீரிலிருந்து புகை எழுவதுபோல் பூச்சிக் கூட்டம் கிளம்பும். கடிக்காத சிறு ஈக்கள் அவை. கரையோர வீடுகளின் சுவர் முழுக்க அப்பிக்கொள்ளும். எண்ணிக்கையில் கொசு அவற்றின் பக்கத்திலேயே வர முடியாது. எட்டிப் பிடித்தால் வயிறு நிறையும் என்ற அந்தக் கூட்டத்தில், தன் கொசுவை மட்டும் தேடி நடக்கிறது இந்தச் சிலந்தி.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? கென்யாவின் எம்பிட்டா பாயின்டில் உள்ள பூச்சியியல் ஆய்வு நிலையத்தில் இதற்காக விதவிதமான சோதனைகள் நடந்திருக்கின்றன. செத்த கொசுக்களை உயிரோடு உட்கார்ந்திருப்பதுபோல் பொருத்திவைத்தார்கள். ஒன்றின் தலையும் மார்பும், இன்னொன்றின் வயிறும் சேர்த்து ஒட்டுக் கொசு செய்தார்கள். திரையில் அசையும் கொசுப் படத்தையும் காட்டினார்கள். சிலந்தி இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது என்று தெரிந்தது. வயிறு சிவந்து உப்பியிருக்கிறதா? உணர்கொம்பு மெல்லியதாக இருக்கிறதா? ஆண் கொசுவின் உணர்கொம்பு இறகுபோல் அடர்ந்திருக்கும். அது ரத்தம் குடிப்பதில்லை. சிவந்த வயிற்றோடு ஆண் உணர்கொம்பை ஒட்டிவைத்தாலும் சிலந்தி ஏமாறவில்லை, பெண்ணைத்தான் தேர்ந்தெடுத்தது. எட்டுக் கண்களில் முன்னால் இருக்கும் பெரிய இரண்டுக்கு இந்த வேலை. குண்டூசித் தலை அளவு மூளை இருக்குமா என்று சந்தேகப்பட வேண்டிய உயிர், கொசு ஆய்வாளர் பூதக்கண்ணாடியில் பார்ப்பதை வெறும் கண்ணால் பார்த்துவிடுகிறது.

குஞ்சுகள் செய்வது இதைவிட ஆச்சரியம். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு உட்காரும்போது பின்புறத்தைத் தூக்கி, சாய்ந்து நிற்கும். மற்றக் கொசுக்கள் சுவருக்கு இணையாகவே உட்காரும். குஞ்சுச் சிலந்தி அனாபிலிஸைக் கண்டால் நேராகப் போவதில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்து, தூக்கிய வயிற்றுக்கு அடியில் கிடைக்கும் இடைவெளியில் நுழைந்து, கீழிருந்து மேலே தாவிக் கவ்வுகிறது. தன்னைவிடப் பெரிய இரையை வீழ்த்த, அந்த இரை நிற்கும் விதத்தையே பயன்படுத்துகிறது. மலேரியாக் கொசுவுக்கென்றே தனி வேட்டை முறை வைத்திருக்கும் உயிர் இது.

ரத்தம் உணவோடு முடிந்துவிடவில்லை. ரத்தம் குடித்த கொசுவைச் சாப்பிட்ட சிலந்தியின் உடல் வாசனை எதிர்ப்பாலுக்குக் கூடுதல் கவர்ச்சியாக இருக்கிறது, ஆணானாலும் பெண்ணானாலும் (2009-ல் வெளிவந்த முடிவு). மனித வாசனையும் இழுக்கிறது: ஒருவர் போட்டுக் கழற்றிய சாக்ஸையும் துவைத்த சாக்ஸையும் வைத்துப் பார்த்தபோது, அழுக்குச் சாக்ஸ் பக்கமே சிலந்திகள் அதிகம் போயின. மனிதர் இருக்கும் இடத்தில் கொசு இருக்கும், கொசு இருக்கும் இடத்தில் துணை கிடைக்கும் என்ற கணக்கில் இந்தச் சிலந்தியின் வாழ்க்கையே நம் வீட்டைச் சுற்றி அமைந்துவிட்டது.

என் கவலை இங்கேதான். நம் வீட்டை நம்பி வாழும் உயிருக்கு, நாம் வீட்டில் செய்வதெல்லாம் தலையெழுத்தாகிவிடும். சுவரில் அடிக்கும் மருந்துக்குக் கொசுவின் கால் எது, சிலந்தியின் கால் எது என்று தெரியாது. ரத்தம் குடித்த கொசு வந்து உட்காரும் அதே இடத்தில்தான் சிலந்தியும் நடமாடுகிறது. கொசுவுக்கு வைத்த நஞ்சை எட்டுக் காலாலும் மிதிக்கிறது. கொசுவோ சில வாரங்களில் தலைமுறை மாற்றி, மருந்தைத் தாங்கப் பழகிவிடுகிறது. மேற்குக் கென்யாவிலேயே பல மருந்துகளுக்கு அனாபிலிஸ் அசைந்துகொடுப்பதில்லை. கொசு மிஞ்சி, கொசுவைத் தின்பது போய்விட்டால் யாருக்கு லாபம்?

கொசுவலையும் மருந்தும் ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கின்றன, சிலந்தியை நம்பி மலேரியாவை ஒழிக்க முடியாது என்பார்கள் சுகாதாரத் துறையினர். உண்மைதான். ஆண்டுக்கு சுமார் 6 லட்சம் பேர் மலேரியாவில் சாகிறார்கள், பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அதற்காக, இலவசமாகக் கிடைக்கும் ஒரு கூட்டாளியைக் கணக்கிலேயே எடுக்காமல் விடுவதா? மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் முதிர்ந்து அடுத்தவருக்குத் தாவ ஏறத்தாழ பத்து நாள் வேண்டும். நோயாளியின் ரத்தத்தைக் குடித்த கொசு அதற்குள் செத்தால் சங்கிலி அறுந்தது. இந்தச் சிலந்தி குறிவைப்பது சரியாக அந்தக் கொசுவை.

மருந்து மட்டுமல்ல. இந்தச் சிலந்தி ஓய்ந்திருப்பது வீட்டை ஒட்டிய உயரமான புல்லிலும் செடிகொடிகளிலும். உண்ணிச்செடி, ஆமணக்கு இரண்டின் வாசனையும் இதற்குப் பிடிக்கும், பூந்தேனும் குடிக்கும். கொசு அண்டாமலிருக்க வீட்டைச் சுற்றிச் செடியை வெட்டுங்கள் என்று சொல்லும்போது, அங்கே குடியிருக்கும் கொசு வேட்டைக்காரனையும் சேர்த்தே கிளப்பிவிடுகிறோம்.

விக்டோரியா ஏரிக்கு இப்படிப்பட்ட அவசரம் புதிதல்ல. 1950-களில் மீன்பிடி பெருகட்டும் என்று நைல் பெர்ச் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த ஏரியில் மட்டுமே இருந்த நூற்றுக்கணக்கான சிறு மீன் இனங்கள் அதன் வாயில் போயின. பலவற்றுக்குப் பெயர் வைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. கொழுப்பு மிகுந்த அந்த மீனைப் புகைபோட விறகு தேவைப்பட்டு, கரையோர மரங்களும் வெட்டுப்பட்டன. மீன் ஏற்றுமதி பெருகியதென்னவோ நிஜம். போன இனங்களில் பெரும்பாலானவை திரும்பவில்லை. ஒரே ஏரியைச் சுற்றி வாழும் சிலந்திக்கும் ஒதுங்கிப் போக வேறிடம் இல்லை.

செய்யக்கூடியது பெரிய செலவு பிடிக்கும் காரியமும் அல்ல. வீட்டுக்குள் எத்தனை கொசு இருக்கிறது என்று பார்க்க, தரையில் வெள்ளைத் துணி விரித்து, கதவைச் சாத்தி, மருந்துப் புகையடித்து, மயங்கி விழும் கொசுக்களைப் பொறுக்கி எண்ணுவது பழைய முறை. சிலந்தி விழுந்தால் அதே துணியில்தான் விழும். கொசுவோடு அதையும் எண்ணிக் குறித்துவைக்க, படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாக இருந்தால் போதும். சுவருக்கு மருந்தடிப்பதற்கு முன்னும் பின்னும், எம்பிட்டாவைச் சுற்றியுள்ள ஊர்களிலாவது இதைத் தொடங்க வேண்டும். இந்தச் சிலந்தியைப் பார்த்ததும் அடையாளம் சொல்லக்கூடியவர்கள் அந்த ஆய்வு நிலையத்தில் இருக்கிறார்கள். எந்த மருந்துக்குப் பின் எண்ணிக்கை சரிகிறது என்று தெரிந்தால், அடுத்த சுற்றுக்கு எதை வாங்குவது என்ற முடிவில் அதற்கும் ஓர் இடம் கிடைக்கும்.