மனத்துக்குள் ஒரு தராசு



தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்றால் ஒருநாள் வேலை. கொழுந்து மடுவத்தில் தராசு காட்டும் எடை, நிர்ணயித்த அளவுக்குக் குறைந்தால் செக்ரோலில் விழுவது அரைப்பேர். அட்டைக்கடியும் மழையும் பொறுத்து, செங்குத்தான மலையில் பொழுதெல்லாம் நின்ற ஒருத்தியிடம், "இன்றைக்கு நீ பாதி" என்று சொல்லும் கணக்கு அது. கூலியைக் குறைப்பதோடு அது நிற்பதில்லை. தலைமுறை தலைமுறையாக நம் மனத்துக்குள்ளும் ஒரு தராசைத் தொங்கவிட்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்தத் தராசை எழுத வரும் நம் இளைஞர்களிடம் காண்கிறேன். பசறை, லுணுகலை, நமுனுகலை, ஹாலிஎல என்று பல திசைகளிலிருந்தும் வருகிறார்கள். கொப்பி நிறையக் கதை இருக்கும்; கையை விட்டு இறங்காது. கேட்டால், "இன்னும் சரியா வரலைங்க சேர்" என்பார்கள். திருத்தித் திருத்தி எழுதியதைக் கடைசியில் அடுப்பில் போட்டவர்களும் உண்டு. அவர்கள் அஞ்சுவது பிழைக்கல்ல. 'தோட்டக்காட்டான்' என்று யாராவது சிரித்துவிடுவார்களே என்பதற்குத்தான். குறையே இல்லாத எழுத்தை எழுதினால் அந்த ஏளனத்திலிருந்து தப்பலாம் என்று நம்புகிறார்கள். குறையில்லாத எழுத்து எங்கே இருக்கிறது?

இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகில் மரபுப் போராட்டம் எழுந்தது. சாதாரண மக்களின் பேச்சை இலக்கியத்தில் ஏற்றுவது 'இழிசனர் வழக்கு' என்றனர் பண்டிதர் சிலர். மக்களின் வாழ்வை மக்களின் மொழியிலன்றி வேறெதில் சொல்வது என்று முற்போக்கு எழுத்தாளர்கள் திருப்பிக் கேட்டனர். அதே தசாப்தத்தில் வீரகேசரி நடத்திய மலையகச் சிறுகதைப் போட்டிகளில் லயத்துப் பேச்சு துணிந்து அச்சேறியது. பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுப்பாயின.

நம் ஊவா மண்ணின் சான்று தெளிவத்தை ஜோசப். 1934இல் பதுளைப் பகுதியின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தாம் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் சூடிக்கொண்டார். ஏளனத்துக்கு அஞ்சுபவர் மறைக்க நினைக்கும் அடையாளம் அவருக்கு முகவரியாயிற்று. 'காலங்கள் சாவதில்லை' 1974இலும், சாகித்திய விருது பெற்ற 'நாமிருக்கும் நாடே' 1979இலும் வந்தன. 2022இல் அவர் மறைந்தபோது, அந்தத் தோட்டத்தின் பெயர் தமிழ் இலக்கிய வரலாற்றில் நிலைத்திருந்தது.

அப்படியானால் எழுதியதெல்லாம் நன்றா, திருத்தவே வேண்டாமா என்று நேயர்கள் கேட்கலாம். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறோம். அடுத்த கொழுந்து செழிக்கவேண்டும் என்பதற்காகத்தான் கத்தி படுகிறது. செடியை வெறுத்து யாரும் வெட்டுவதில்லை. வேரோடு பிடுங்குவது வேறு, கவ்வாத்து வேறு. தன்னை ஏற்றுக்கொண்டவனால்தான் தன் எழுத்தை அச்சமின்றித் திருத்தவும் முடியும்.

இன்னொன்றும் சொல்வேன். ஜூலை முதல் செப்டெம்பர் வரை நம் மலைகளில் வறண்ட காற்று வீசுகிறது. கொழுந்து மெதுவாகத்தான் வளர்கிறது, எடையும் குறைகிறது. ஆனால் ஊவாத் தேயிலையை உலகச் சந்தை தேடி வாங்கும் அந்தத் தனி மணம் சேர்வது இந்தப் பருவத்தில்தான். மடுவத்துத் தராசு மணத்தை நிறுப்பதில்லை.

சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களைப் பாடியவர்கள் யாப்புப் படித்தவர்களல்லர். சரியாக வரட்டும் என்று அவர்கள் காத்திருந்தால் தாலாட்டுக் கேளாமலே பிள்ளைகள் வளர்ந்திருக்கும்.

ஆகவே கொப்பியோடு தயங்கி நிற்கும் தம்பிக்கும் தங்கைக்கும் நான் சொல்வது இதுதான். கதையை முடியுங்கள். நம்பிக்கையான ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர் சொல்லும் குறையைக் கதைக்கு மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பேரில் பதியாதீர்கள்.