கையால் சுழற்றிய காப்பி எந்திரம்

தேயிலைக்கு எந்திரம் வேண்டுவதில்லை, கொதிநீர் போதும். காப்பிக்கொட்டையோ வறுபட்டு, அரைபட்ட பின்னரே கோப்பைக்கு வரும். அரைத்த தூள் விரைவில் மணம் இழப்பதால், காப்பிச் சுவையறிந்த வீட்டார் வறுத்த கொட்டையை மூடி வைத்துக்கொண்டு, வேண்டியபோது வேண்டிய அளவே அரைத்துக்கொண்டனர். மின்விசை வீடுகளை எட்டாத காலத்தில் அவ்வேலையைச் செய்தது, பலகையிலோ மேசை விளிம்பிலோ பொருத்தப்பட்டு, கைப்பிடியால் சுழற்றப்பட்ட வார்ப்பிரும்பு எந்திரம். இவற்றைத் தேடிச் சேர்ப்போர் அமெரிக்காவில் தமக்கெனச் சங்கமே அமைத்துக்கொண்டனர். கெடாத் தோட்டப்புறத்தில் வாழ்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் பழம்பொருள்களிடையே இத்தகைய எந்திரம் அகப்படுமாயின், அதனை உடனே தேய்த்துப் பளபளப்பாக்கவே யாருக்கும் கை துடிக்கும். அந்த அவசரந்தான் தவிர்க்கத்தக்கது.

இதன் அமைப்பை அறியத் தமிழர்க்கு வேற்று உவமை வேண்டா. பயறு உடைக்கும் திரிகையே இதன் மூத்த உறவு. சிற்றூர்களில் திரிகையை 'ஏந்திரம்' என்றே வழங்குவதும் உண்டு. திரிகையில் நடுக்குழியில் இட்ட தானியம் இரு கற்களின் இடையே நசுங்கி விளிம்பு வழியே வெளிவரும். காப்பி எந்திரத்தில் கல்லின் இடத்தைப் பல் வெட்டிய இரும்பு ஏற்கிறது: அசையாத வளையம் ஒன்று, அதனுள் சுழலும் கூம்பு ஒன்று. கொட்டை நுழையும் பக்கத்துப் பற்கள் பெரியவை, உடைப்பவை. தூள் வெளியேறும் பக்கத்துப் பற்கள் நுண்ணியவை. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை ஒரு திருகாணி கூட்டும், குறைக்கும்.

இங்கிலாந்தில் ஆர்ச்சிபால்டு கென்ரிக் 1815இல் காப்பி எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் மோட்டார் வண்டியால் உலகறிந்த பிரெஞ்சுப் பியூஜோ குடும்பத்தார் 1840இல் தம் எந்திரத்தை வெளியிட்டனர். 1856இல் தோன்றிய இலண்டன் ஸ்பாங் நிறுவனத்தின் எந்திரங்கள், அளவுக்கேற்ப எண்ணிடப்பட்டு, நெடுங்காலம் விற்பனையாயின.

மலாயாவில் காப்பி முதலில் தோட்டப் பயிராகவே தமிழரை அழைத்தது. 1869இல் இலங்கையில் இலைநோய் தோன்றிக் காப்பித் தோட்டங்களை அழித்தபின், தோட்டக்காரர் சிலர் மலாயாவில் லைபீரிக்கா வகையைப் பயிரிட்டனர். 1890களில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரியவே, அவர்கள் ரப்பருக்கு மாறினர். கெடா 1909இல்தான் பிரிட்டிஷ் பாதுகாப்பின்கீழ் வந்தது. ஆகவே சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களின் பெருந்தோட்டங்கள் ரப்பர்த் தோட்டங்களாகவே வளர்ந்தன. அங்குள்ளோர்க்குக் காப்பி பயிரன்று, விடியுமுன் பெரட்டுக்குப் போகும் முன்னர்க் குடிக்கும் பானம். காப்பி என்னும் சொல்லும் அங்கே மலாய் மொழியின் சாயலேற்றுக் 'கோப்பி' ஆயிற்று. 'குளம்பி' என்னும் ஆக்கச்சொல் ஏட்டோடு நின்றுவிட்டது. கடையில் அப்படிக் கேட்டால் எதுவும் வராது.

இங்குக் கருதத்தக்க வேறுபாடு ஒன்றுண்டு. தமிழகத்து முறையில் கொட்டையை வேறெதுவும் சேர்க்காமல் வறுப்பர். சிக்கரி சேர்ப்பதாயின் அரைத்தபின் கலப்பர். வடிகட்டிக்குத் தூள் சற்று நுண்ணியதாக இருத்தல் வேண்டும். மலாயாக் கோப்பிக் கடை முறையிலோ கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கரியாகும்வரை வறுத்து, பருமனாக அரைத்து, துணிப்பையில் வடிப்பர். சர்க்கரை உருகிப் பூசிய கொட்டை, எந்திரப் பற்களில் கண்ணாடி போன்ற கறுத்த பூச்சை விட்டுச்செல்லும். சர்க்கரை சேராத கொட்டை விடுவது எண்ணெய்ப் பிசுக்குள்ள பழுப்புக் கறை. ஆகவே பற்களிடையே ஒட்டியுள்ள அழுக்கும், திருகாணி நிற்கும் நிலையும், அவ்வீட்டார் குடித்தது ஊரிலிருந்து கொண்டுவந்த காப்பியா, வந்த இடத்துக் கோப்பியா என்பதற்குச் சான்று கூறக்கூடும். கூடும் என்பதே சரி. கடைசியாகச் சுழற்றியவர் திருகாணியை மாற்றியிருக்கலாம், மிளகும் மல்லியும் அரைத்திருக்கலாம். முகர்ந்து பார்ப்பதும் ஓர் ஆராய்ச்சியே.

இச்சான்று அற்பமன்று. தோட்டத்தின் விளைச்சலும் கூலியும் கணக்கேடுகளில் ஏறின. கிராணி வீட்டிலும் லயத்திலும் அடுக்களையில் என்ன இருந்தது என்பதை எழுதிவைத்தோர் அரியர். 1950களில் ஐரோப்பியர் தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட, குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் இழந்தன. அந்நிலையை எதிர்கொள்ள வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் அமைத்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், 1961இல் முதன்முதலாக வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தையே. பின்னர் ரப்பர் அழிந்து செம்பனையும் வீடமைப்பும் பரவியபோதும் குடிகள் பெயர்ந்தன. மூட்டை கட்டும்போது, பயன்படாத இரும்பு முதலில் பழைய இரும்புக்காரரிடம் போவது இயல்பு.

எனவே செப்பனிடுமுன் எல்லாப் பக்கமும் படமெடுத்து, திருகாணி எத்தனை சுற்றில் இறுகுகிறது என எண்ணிக் குறித்து, பற்களின் அழுக்கில் சிறிது சுரண்டி உறையிலிட வேண்டும். பிறகே மண்ணெண்ணெய். துருவேறி இறுகிய மரைகளில் அதனை விட்டு ஓரிரு நாள் பொறுத்தால் பெரும்பாலும் இளகும். சுத்தியால் அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் காணும். சர்க்கரைப் பூச்சு வெந்நீருக்குக் கரையும். ஆயின் கெடாவின் ஈரக்காற்றில் நனைந்த இரும்பு விரைவில் துருப்பிடிக்குமாதலால், துடைத்து வெயிலில் காயவைத்தாக வேண்டும். பற்களுக்குச் சமையல் எண்ணெய் பூசலாகாது. அது சிக்குப்பிடித்து நாறும். வறண்ட பச்சரிசியைச் சிலமுறை அரைத்துக் கொட்டினால் உள்ளே மிஞ்சிய தூளும் மண்ணெண்ணெய் வாடையும் குறையும். வாடை முற்றும் நீங்கும்வரை அதில் அரைத்த காப்பியைக் குடிக்கலாகாது. வெளிப்புறத் துருவின்மேல் கடுந்தேயிலைச் சாற்றைத் தடவினால், அதிலுள்ள துவர்ப்பொருள் துருவோடு சேர்ந்து கறுப்புப் படலமாகும். காப்பிக்குத் தேயிலை செய்யும் உதவி இது.

பழைய வண்ணப்பூச்சில் காரீயம் இருக்கக்கூடும். அதனை உப்புத்தாளால் தேய்த்துத் தூசு பறக்கவிடுவது உடலுக்குக் கேடு. கொட்டையிடும் கிண்ணத்தின் உட்புறம் அத்தகைய பூச்சு உரிந்திருந்தால், அவ்வெந்திரத்தைப் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே தகும். குறுக்குவெட்டுத் தலையுள்ள திருகாணி 1930களுக்குப் பிந்தியது. அதைக் கண்டால் போலி என்று தள்ளிவிடாமல், பிற்காலப் பழுதுபார்ப்பா என்றும் நோக்க வேண்டும்.

தூள் ஏந்தும் தகரத்தட்டு எளிதில் தொலைவது. அதனிடத்தில் ஒரு பால்டின்னை வெட்டிச் செருகியிருந்தால், அதை எறிந்துவிட்டு அசல் தட்டைத் தேடலாகாது. எந்திரம் இலண்டனில் வார்த்ததாகலாம். டின்னை வெட்டியது அந்த வீட்டார் கை.