பதினேழாம் மாதத்துப் பிரிவு

சனத்நகரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நாலு வயதுப் பேரன் தன் அக்காவின் வளையலை மாட்டி, பொட்டும் வைத்துக்கொண்டு வந்து, "தாத்தா, இப்ப நான் பொண்ணாயிட்டேனா?" என்று கேட்டான். என் மகன் அதட்டிக் கழற்ற வைத்தான். பிள்ளை அழுதுகொண்டே தூங்கிப்போனான். அவன் கேட்டது குறும்பல்ல, மெய்யான ஐயம்.

அமெரிக்க உளவியலறிஞர் லாரன்ஸ் கோல்பர்க் 1966-இல் இதை விளக்கினார். இரண்டு, மூன்று வயதில் குழந்தை தான் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும். ஆனால் உடை மாறினால் பால் மாறாது என்பது பிடிபட ஆறேழு வயதாகும். அதுவரை கூந்தல், உடை, நகை இவைதாம் அதற்குப் பெரிய அடையாளம். அவற்றைப் பெற்றோரிடமிருந்து மட்டுமா பொறுக்குகிறது? படம், பொம்மை, பாட்டு எல்லாவற்றிலிருந்தும்தான்.

இங்கே நம் பிள்ளைத்தமிழை நினைத்துப் பார்க்க வேண்டும். பருவங்கள் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாலார்க்கும் பொது. அதன்பின் ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்குப் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல். மாதக் கணக்கு நூலுக்கு நூல் வேறுபடும். பரவலான கணக்குப்படி இந்தப் பிரிவு பதினேழாம் மாதத்தில் வருகிறது. குழந்தைகள் ஆண், பெண் என்ற சொற்களைச் சொல்லத் தொடங்குவது ஒன்றரை, இரண்டு வயதில் என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். உடனே 'அன்றே கண்டான் தமிழன்' என்று மார்தட்ட எனக்கு மனமில்லை. பிள்ளை வளர்த்த தாய்மார் கண்டது புலவர் காதுக்கும் எட்டியிருக்கும், அவ்வளவே.

அந்தப் பிரிவு என்ன கற்பிக்கிறது? சிற்றில் பருவத்தில் சிறுமியர் கட்டிய மணல்வீட்டைப் பையன் காலால் சிதைக்க வருகிறான், அவர்கள் கெஞ்சுகிறார்கள். கேட்க இனிமைதான். ஆனால் இடிப்பவன் ஆண், கெஞ்சுபவள் பெண் என்று ஒரு குழந்தை கற்றுக்கொண்டால்? பதினேழாம் நூற்றாண்டுக் குமரகுருபரர் முத்துக்குமாரசுவாமிக்கும் பாடினார், மீனாட்சியம்மைக்கும் பாடினார். அம்மையை ஊசலாடும் சிறுமியாகப் பாடியவரே அவளைத் திக்குவிசயம் செய்த அரசியாகவும் காட்டினார். இதையும் குழந்தைக்குச் சொல்ல வேண்டும். சமண மரபிலும் ஆதிநாதர் எழுத்தையும் எண்ணையும் தம் பெண்மக்கள் பிராமிக்கும் சுந்தரிக்கும் கற்பித்தார் என்றே புராணம் சொல்கிறது.

அடுத்த ஞாயிறு பேரனை சாலார்ஜங் மியூசியத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே கண்ணாடிக்கு முன் ஒரு மரச்சிலை உண்டு. முன்பக்கம் மெஃபிஸ்டோஃபிலீஸ், பின்பக்கம் மார்கரெட்டா. ஜெர்மானியக் கவி கதேயின் நாடகப் பாத்திரங்கள். முன்னது பிசாசு என்பதை நான் சொல்லவில்லை. பையன் சிலையையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒரே கட்டைதானா தாத்தா?"

"ஒரே கட்டைதாம்ப்பா."

திரும்பும் வழியில் சார்மினார் பக்கம் லாட் பஜாரில் அக்காவுக்கு வளையல் வாங்கினோம். அவன் கை அளவுக்கும் ஒரு ஜோடி கேட்டான். வாங்கிக் கொடுத்தேன்.