பழைய ஜீப்பில் ஹெட்லைட் மங்கலா? பல்பை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

விடியும் முன் காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து சந்தைக்கு இறங்கும் விவசாயிகள் பலர் இன்றும் பழைய ஃபோர்வீல் ஜீப்பைத்தான் நம்பியிருக்கிறார்கள். மகிந்திரா சிஜே, எம்எம் 540, மேஜர் போன்ற வண்டிகளின் இன்ஜின் நல்ல நிலையில் ஓடினாலும், ஹெட்லைட் மட்டும் அடிக்கடி தொல்லை தரும். வளைவில் திடீரென்று வெளிச்சம் போனால் உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் பொறுமை இருந்தால் இந்தப் பழுதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

பெரும்பாலோர் முதலில் புது பல்பு வாங்குவார்கள், அடுத்து பேட்டரி மாற்றுவார்கள். பழைய வண்டிகளில் கோளாறு பெரும்பாலும் இந்த இரண்டிலும் இருக்காது. துருப்பிடித்த எர்த், தளர்ந்த இணைப்பு, தேய்ந்த சுவிட்ச் இவைதான் காரணமாக இருக்கும்.

ஏன் மங்குகிறது?

ஹெட்லைட்டுக்கு பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒயர் வழியாக மின்சாரம் போகிறது. திரும்பி வருவதற்குத் தனி ஒயர் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத்தான் மைனஸ் முனைக்கு வருகிறது. இதைத்தான் எர்த் என்கிறோம். எர்த் போல்ட்டின் அடியில் துருவோ பெயிண்டோ இருந்தால் மின்சாரம் தடைபடும்.

கிணற்று மோட்டாருக்கு மெல்லிய ஒயர் இழுத்தால் வோல்டேஜ் குறைந்து மோட்டார் திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஜீப்பிலும் அதே கதைதான். 60 வாட் ஹாலஜன் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். இரண்டு பல்புக்கு 10 ஆம்பியர். பல்புக்கு வரும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும்.

யூரியா, பொட்டாஷ், தொழு உரம் ஏற்றும் வண்டிகளில் இணைப்புகள் இன்னும் வேகமாக அரித்துப்போகும். வைக்கோல் பக்கத்தில் நிறுத்தினால் எலி கடிக்கும் வாய்ப்பும் உண்டு.

அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடியுங்கள்

• இரண்டு விளக்கும் டிம், பிரைட் எதிலும் எரியவில்லை: பியூஸ், ஹெட்லைட் சுவிட்ச், அதற்கு வரும் பிளஸ் ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள்.

• இரண்டிலும் டிம் மட்டும் அல்லது பிரைட் மட்டும் எரிகிறது: காலால் மிதிக்கும் டிம்மர் சுவிட்ச்தான் முதல் சந்தேகம். தரையில் இருப்பதால் சேறும் தண்ணீரும் உள்ளே போகும்.

• ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை: அந்தப் பக்கத்து பல்பு, ஹோல்டர், எர்த். பல்பை மறுபக்கத்தில் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அங்கே எரிந்தால் பல்பு நல்லதுதான்.

• ஒரு பக்கம் மங்கலாக எரிகிறது, டிம்மில் வைத்தாலும் மீட்டர் போர்டில் பிரைட் விளக்கு லேசாகத் தெரிகிறது: அந்தப் பக்கத்து எர்த் போய்விட்டது. மின்சாரம் திரும்ப வழியில்லாமல் மறுபக்கத்து பல்பு வழியாகச் சுற்றி வருகிறது.

• பள்ளத்தில் இறங்கும்போது அணைந்து எரிகிறது: எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள்.

• ஆக்சிலேட்டர் கொடுத்தால் மட்டும் நன்றாக எரிகிறது: ஃபேன் பெல்ட், ஆல்டர்னேட்டர், பேட்டரி முனைகளைப் பாருங்கள்.

• பல்பு அடிக்கடி பியூஸ் போகிறது: இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு.

எர்த்தைச் சோதிக்கும் எளிய வழி

மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு மீட்டர் நீளமுள்ள தடித்த ஒயரின் ஒரு முனையை பேட்டரி மைனஸில் கட்டுங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மறுமுனையை விளக்கின் எர்த் ஒயர் வண்டி உடம்பில் போல்ட் போட்டிருக்கும் இடத்தில், அந்த ஒயரின் முனைமீது வையுங்கள். வெளிச்சம் கூடினால் பழுது எர்த்தில்தான். போல்ட்டைக் கழற்றி, அடியில் உள்ள துருவையும் பெயிண்டையும் உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேயுங்கள். இறுக்கி முறுக்கியபின் மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பேட்டரி மைனஸ் ஒயர் சேஸில் சேரும் இடத்தையும் இதேபோல் சுத்தம் செய்யுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால்

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஹெட்லைட் எரிந்துகொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் கெட்ட இணைப்பும் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். டெஸ்ட் லேம்ப்பும் அப்படித்தான். அது குறைந்த மின்சாரமே இழுப்பதால் பலவீனமான இணைப்பிலும் எரியும்.

முதலில் பேட்டரி பிளஸ் முனைக்கும் ஹோல்டரின் பிளஸ் முனைக்கும் இடையே அளவு எடுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் காட்டினால் பியூஸ், சுவிட்ச், டிம்மர் என ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் அளந்து, எங்கே வோல்டேஜ் விழுகிறது என்று பாருங்கள். அடுத்து ஹோல்டரின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளவு எடுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது.

நிரந்தரத் தீர்வு: ரிலே

இந்தப் பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹெட்லைட்டின் முழு மின்சாரமும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவும் டிம்மர் வழியாகவும் போகிறது. அதனால்தான் சுவிட்ச் சூடாகித் தேய்கிறது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே போட்டால் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் பல்புக்குப் போகும்.

ரிலேயில் எண்கள் போட்டிருக்கும். 30-க்கு பேட்டரி பிளஸ், 87-க்கு பல்பு, 86-க்கு டிம்மரிலிருந்து வரும் பழைய ஒயர், 85-க்கு எர்த். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு ரிலேக்கும் 15 ஆம்பியர் பியூஸ் கட்டாயம் வேண்டும். 2.5 ஸ்கொயர் எம்எம் அளவில், பல இழைகள் கொண்ட ஆட்டோ ஒயர் வாங்குங்கள். ஒற்றைக் கம்பி உள்ள வீட்டு ஒயர் அதிர்வில் முறிந்துவிடும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

பியூஸ் போனால் செம்புக் கம்பியோ சிகரெட் அட்டைத் தாளோ சுற்றாதீர்கள். ஷார்ட் ஆனால் பியூஸுக்குப் பதில் ஒயர் எரியும், பிறகு வண்டியே எரியும். வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு போடாதீர்கள். இரண்டும் சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய ஹோல்டரும் சுவிட்சும் உருகிவிடும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொட்டால் எண்ணெய்ப் பசை ஒட்டி சீக்கிரம் போய்விடும்.

ஒயர் வேலை தொடங்கும் முன் பேட்டரி மைனஸை முதலில் கழற்றுங்கள், வேலை முடிந்தபின் அதைக் கடைசியாக மாட்டுங்கள். மிகவும் பழைய சில ஜீப்புகள் 6 வோல்ட்டில் வந்தவை. உங்கள் வண்டி எது என்று பார்த்துவிட்டு பல்பு வாங்குங்கள்.

ஒரு பல்பு, நான்கு பியூஸ், இரண்டு மீட்டர் ஒயர், இன்சுலேஷன் டேப், கையில் பிடிக்கும் டார்ச் இவற்றை எப்போதும் வண்டியில் வைத்திருங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் ஒருமுறை எர்த் போல்ட்டுகளைக் கழற்றித் தேய்த்துவிடுங்கள். ஒயர் உறை பல இடங்களில் வெடித்து உதிர்ந்தால், ஒட்டுப்போட்டு ஓட்டாமல் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டு முழு ஒயரிங்கையும் மாற்றிவிடுவதே நல்லது.