விருத்தாசலத்தை ஒட்டிப் போகும் கோடு

சென்னை விமான நிலையத்தையும் திருச்சி விமான நிலையத்தையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். நீளம் சுமார் 293 கிலோமீட்டர். பீங்கான் பொம்மைக்கும் ஃபியூஸ் கேரியருக்கும் பேர்போன விருத்தாசலத்துக்கு மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தள்ளி அந்தக் கோடு போகிறது. எழும்பூரிலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போகும் கார்டு லைன் ரயில்பாதை சுமார் 336 கிலோமீட்டர். எழும்பூருக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கழித்துவிட்டால், ரயிலுக்கும் வானத்துக்கும் வித்தியாசம் முப்பது கிலோமீட்டர் அளவுதான். அந்தத் தண்டவாளத்தைப் போட்டவர்கள் எவ்வளவு நேராகப் போட்டிருக்கிறார்கள்!

ஆனால் உருண்டையான பூமியின் மேல் எந்தக் கோடும் நேர்கோடு அல்ல. அது ஒரு வில். உண்மையிலேயே நேராகப் போக வேண்டுமானால் பூமியைக் குடைந்துகொண்டுதான் போக வேண்டும். அப்படி ஒரு சுரங்கம் தோண்டினால், விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் அது தரைக்குக் கீழே ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் போகும். அத்தனை ஆழம் இறங்கியும் மிச்சமாகும் தூரம் எவ்வளவு தெரியுமா? வெறும் 26 மீட்டர். ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் விமானத்துக்குக் கூடுகிற தூரமும் 230 மீட்டர்தான். பூமி அவ்வளவு பெரியது.

தூரம் இப்படி மாறாமல் நிற்க, நேரம்தான் நழுவுகிறது. இந்தத் தடத்தில் பறக்கும் ஏடிஆர் விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர். வகுத்தால் 35 நிமிடம். டிக்கெட்டிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் திருச்சியில் போய் நிற்பது வரை எல்லாமே பயண நேரம்தான். ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும், முறைக்குக் காத்திருக்க வேண்டும். மேலேறும்போது வேகம் குறைவு. காற்று கடலிலிருந்து வீசினால் கிழக்கு நோக்கிக் கிளம்பி, பிறகுதான் தென்மேற்கே திரும்ப முடியும்.

தொலைதூரப் பயணத்தில் காற்றின் கை இன்னும் ஓங்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேலே, 14, 15 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மிஞ்சிய கீழைக்காற்று ஆறுபோல ஓடுகிறது. அதை உலகுக்கு விளக்கியவர் இந்திய வானிலை ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி.கோட்டீஸ்வரம், ஆண்டு 1958. நம் வானத்தை நம் ஆளே படித்துச் சொன்னது எனக்குப் பெருமை. அந்த ஓட்டத்தின் கீழ்ப்பகுதி ஜெட் விமானங்கள் பறக்கும் உயரம் வரை இறங்குகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,920 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் போகிற விமானத்தை 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று தடுத்தால் 3 மணி 42 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 3 மணி 13 நிமிடம். தூரத்தில் ஓரடிகூட மாறவில்லை, அரை மணி நேரம் மாறிவிட்டது.

சிங்கப்பூருக்குப் புறப்படும் விருத்தாசலத்துக்காரர் எங்கே விமானம் ஏறலாம்? திருச்சியிலிருந்து வான்வழி சுமார் 60 கிலோமீட்டர் கூடுதல். அது நான்கே நிமிடம். தரையிலோ சென்னையைவிடத் திருச்சி 80 கிலோமீட்டர் பக்கம். நேரடி விமானமும் இருக்கிறது. திருச்சியிலேயே ஏறுங்கள்.