வைத்தியர் கேட்க வேண்டிய கேள்வி

மார்கழிப் பனியும் ஊர்ப்புகையும் கலந்து தலைநகரை மூடிக்கொள்ளும் நாட்களில் இருமலோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர், தம் வியாதிக்கு டில்லியின் காற்றையே காரணமாகச் சொல்வார். சட்டைப்பையிலுள்ள பீடிக் கட்டைப் பற்றியோ, உதட்டின் உட்புறம் அடக்கிய கைனியைப் பற்றியோ தாமாகச் சொல்ல மாட்டார். வைத்தியரும் பெரும்பாலும் கேட்பதில்லை. 2016-17இல் இந்தியாவில் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பின்படி, சிகிச்சைக்குச் சென்ற புகைப்போரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கும், மெல்லுவோரில் மூன்றிலொரு பங்கினருக்கும் குறைவானவர்களுக்குமே, அதை விட்டுவிடும்படி யோசனை சொல்லப்பட்டிருந்தது.

பெயர் சொல்லிக் கேட்பது

“புகைபிடிப்பது உண்டா?” என்று மட்டும் கேட்டால், ஜர்தா மெல்லுகிறவர் மனச்சாட்சி உறுத்தாமலே “இல்லை” என்பார். நம் தேசத்தில் புகைப்போரைவிட மெல்லுவோர் ஏறக்குறைய இரு மடங்காதலின், பீடி, சிகரெட், கைனி, குட்கா, ஜர்தா என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, குற்றம் விசாரிக்கும் தொனியின்றி, பசியையும் தூக்கத்தையும் விசாரிப்பது போலவே விசாரித்தல் வேண்டும்.

சுருக்கமான உபதேசம்

1979இல் வெளியான லண்டன் ஆராய்ச்சியொன்றில், ஓரிரு நிமிஷ யோசனையும் சிறு பிரசுரமும் பெற்று, பின்னால் விசாரிக்கப்படுவார்கள் என்றும் அறிவிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஐவர் ஓராண்டுவரை புகையைத் துறந்திருந்தனர். ஒன்றும் சொல்லப்படாதவர்களிலோ ஆயிரத்துக்கு மூவரே. ஐந்து என்பது அற்பமாகத் தோன்றலாம்; நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் வந்துபோகும் ஆஸ்பத்திரியில் அது எத்தனை குடும்பங்களின் க்ஷேமம்! அந்த யோசனையும் நோயாளியின் சொந்த உபாதையோடு இணைந்திருந்தால்தான் மனத்தில் தைக்கும்: “இந்த மூச்சுத்திணறல் மேலும் முற்றாமல் இருக்க, நீங்கள் பீடியை விடுவதே முதல் மருந்து.”

துணை நிற்பது

நிகோடினுக்குப் பழகிய மூளை, அது கிடைக்காத முதல் இரண்டு மூன்று தினங்களில் எரிச்சலையும் அமைதியின்மையையும் மிகுதியாக உண்டாக்கும். சில வாரங்களில் அவை தணியும். ஒவ்வொரு தடவை எழும் வேட்கையும் சில நிமிஷங்களில் அடங்கிவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தால், நோயாளி அதைத் தம் மனோதிடத்தின் தோல்வியாக எண்ணிக் கலங்கமாட்டார். விடும் நாளை அவரே குறிக்கட்டும். வீட்டார் அதை அறியட்டும். தேவையானவர்களுக்கு நிகோடின் சூயிங்கம்மும், வைத்தியர் தேர்ந்து தரும் மாத்திரைகளும் உண்டு. சூயிங்கம்மை ஓயாமல் மெல்லாது, காரம் தோன்றியதும் கன்னத்தில் ஒதுக்கிவைக்கும் முறையையும் கற்பிக்க வேண்டும்.

டில்லியில் வல்லபபாய் பட்டேல் மார்பு நோய் நிலையத்தில் 2016இல் ஆரம்பமான, புகையிலையை விட உதவும் தேசியத் தொலைபேசிச் சேவையின் 1800-11-2356 என்னும் கட்டணமில்லா எண், இன்று புகையிலைப் பொட்டலங்களின் மீதே அச்சாகிறது. அதை மருந்துச் சீட்டிலும் எழுதிக்கொடுப்பது வைத்தியருக்கு ஒரு விநாடி வேலை.

மீண்டும் கேட்பது

விட்டவர் திரும்பவும் தொடங்குவது இப்பழக்கத்தின் சுபாவம். பலர் பலமுறை முயன்றே விடுதலை பெறுகின்றனர். “மறுபடியும் பிடித்துவிட்டேன், டாக்டர்” என்று தலைகுனிந்து சொல்பவர், உண்மையைச் சொல்லும் அளவுக்கு நம்மை நம்பி வந்திருக்கிறார். அந்த நம்பிக்கையைக் கடிந்து துரத்தாமல், “விடுவதற்கான அடுத்த நாளை எப்போது வைத்துக்கொள்ளலாம்?” என்று கேட்கும் வைத்தியரே அவருடைய சிகிச்சையைத் தொடருகிறார்.