சிறு முகாம் டிரெய்லரில் மாற்றுச் சக்கரம் பொருத்தும் இடம்

முகாம் டிரெய்லர் என்பது கார் அல்லது ஜீப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லப்படும், படுத்துறங்கவும் சமைக்கவும் வசதி கொண்ட வண்டியாகும். ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இவை பரவலாகப் பயன்பாட்டில் உள்ளன. இவற்றுள் சிறியவை ஓர் அச்சும் இரண்டு சக்கரங்களும் மட்டுமே கொண்டவை. ஒரு டயர் வெடித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிடும். ஆகவே மாற்றுச் சக்கரம் இன்றியமையாதது. அதை வண்டியில் எங்கே பொருத்துவது என்பது இடவசதியை மட்டும் பொறுத்த கேள்வி அன்று. வண்டியின் எடைச் சமநிலை, ஓட்டத்தின் உறுதி, டயர் பஞ்சரான வேளையில் சக்கரத்தை எளிதாகக் கழற்ற முடிதல் ஆகிய மூன்றும் இதில் அடங்கியுள்ளன.

பெயர்

தமிழ்நாட்டில் மாற்றுச் சக்கரத்தைப் பேச்சுவழக்கில் 'ஸ்டெப்னி' என்பர். இச்சொல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரிலுள்ள ஸ்டெப்னி தெருவின் பெயரிலிருந்து வந்தது. அக்காலக் கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமலே விற்கப்பட்டன. அந்நகரைச் சேர்ந்த தாமஸ் மோரிஸ் டேவிஸ் 1904-ஆம் ஆண்டில் ஆரக்கால்கள் இல்லாத, காற்றடைத்த டயருடன் கூடிய வளையம் ஒன்றை உருவாக்கினார். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே அதன் பக்கவாட்டில் இவ்வளையத்தை இறுக்கிக்கொண்டு பயணத்தைத் தொடர முடிந்தது. கார்களில் முழுமையான மாற்றுச் சக்கரம் வழக்கத்திற்கு வந்தபின் அந்த வளையம் மறைந்தாலும், பெயர் இந்தியாவில் நிலைத்துவிட்டது.

தேவை

காரில் உள்ள ஸ்டெப்னி பெரும்பாலும் டிரெய்லருக்குப் பொருந்தாது. சிறு டிரெய்லர்களில் 12 அல்லது 13 அங்குலச் சக்கரங்கள் மிகுதி. போல்ட்டுகளின் எண்ணிக்கையும் அவற்றுக்கு இடையேயான தொலைவும் காருக்குக் கார் வேறுபடும். மேலும் டிரெய்லருக்கென்றே செய்யப்படும் டயர்களின் பக்கச் சுவர்கள் அதிக உறுதி கொண்டவை. அவற்றில் காற்றழுத்தமும் கார் டயரைவிட அதிகம். அமெரிக்காவில் இத்தகைய டயர்களின் அளவுக் குறியீடு 'எஸ்டி' என்ற எழுத்துகளுடன் தொடங்கும்.

சிலர் காருக்கும் டிரெய்லருக்கும் ஒரே வகைச் சக்கரம் அமையும்படி அச்சைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆஸ்திரேலியாவில் கரடுமுரடான பாதைகளில் செல்வோரிடம் இவ்வழக்கம் உண்டு. அப்போது எந்த ஸ்டெப்னியும் எந்த வண்டிக்கும் உதவும்.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுவோர் முன்பாரம், பின்பாரம் பார்த்தே ஏற்றுவர். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலே தூக்கும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். டிரெய்லருக்கும் இதே விதிதான். டிரெய்லரின் முன்னே நீண்டு, கார்க் கொக்கியிலுள்ள பந்தின் மேல் அமரும் இரும்புத் தண்டே அதன் ஏர்க்கால். பந்தின் மீது இத்தண்டு தரும் சுமை, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். இது குறைந்தால் வேகமாகச் செல்லும்போது டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். ஆட்டம் வளர்ந்தால் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடக்கூடும். சுமை மிகுந்தால் காரின் பின்பகுதி தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடிப்புக் குறையும்.

மாற்றுச் சக்கரத்தின் இடம் இந்தச் சுமையை எந்த அளவுக்கு மாற்றும் என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். டிரெய்லரின் எடை 500 கிலோ, பந்தின் மீதான சுமை 50 கிலோ, பந்துக்கும் அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர், சக்கரத்தின் எடை 15 கிலோ எனக் கொள்க.

• ஏர்க்காலில், அச்சுக்கு 2 மீட்டர் முன்னே பொருத்தினால்: 15 × 2 ÷ 2.5 = 12 கிலோ கூடும். சுமை 62 கிலோ. இது மொத்த எடையான 515 கிலோவில் 12 விழுக்காடு.
• அடித்தளத்தில், அச்சுக்கு அரை மீட்டர் முன்னே பொருத்தினால்: 3 கிலோ கூடும். சுமை 53 கிலோ, 10.3 விழுக்காடு.
• பின்புறத்தில், அச்சுக்கு 1.25 மீட்டர் பின்னே பொருத்தினால்: 7.5 கிலோ குறையும். சுமை 42.5 கிலோ, 8.3 விழுக்காடு.

ஒரே சக்கரம், ஒரே வண்டி. இடம் மாறியதால் மட்டும் 19.5 கிலோ வேறுபாடு ஏற்படுகிறது. பின்புறப் பொருத்தத்தில் சுமை பாதுகாப்பான அளவுக்குக் கீழே போய்விடுகிறது.

இதைத் தவிர இன்னொரு விளைவும் உண்டு. ஆடும் டிரெய்லர் பந்தை மையமாகக் கொண்டு ஊசல்போல் அசைகிறது. ஊசலின் நுனியில் உள்ள எடையை நிறுத்துவதே கடினம். ஒரு பொருள் இவ்வாட்டத்திற்குத் தரும் பங்கு, பந்திலிருந்து அதன் தொலைவின் இருமடிக்கு ஏற்ப உயரும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் முன்பக்கச் சக்கரம் பந்திலிருந்து 0.5 மீட்டர், பின்பக்கச் சக்கரம் 3.75 மீட்டர் தொலைவில் உள்ளன. தொலைவு ஏழரை மடங்கு. விளைவோ ஏறத்தாழ 56 மடங்கு.

பொருத்தும் இடங்கள்

ஏர்க்கால்

சிறு டிரெய்லர்களில் மிகுதியாகப் பயன்படும் இடம் இதுவே. சட்டத்தில் கவ்விப் பிடிக்கும் தாங்கி ஒன்றில் சக்கரத்தை நிமிர்த்தியோ படுக்க வைத்தோ பொருத்துவர். கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பதால் கழற்றுவது எளிது. சுமையும் முன்புறம் சேர்கிறது. ஆனால் சமையல் எரிவாயு உருளை, பேட்டரி, ஏர்க்காலைத் தாங்கும் கால்ஜாக்கி ஆகியவையும் இங்கேயே இடம் கேட்கும். நிமிர்த்தி வைத்த சக்கரம் காரின் டிக்கிக் கதவில் இடிக்கக்கூடும். பின்னோக்கி ஓட்டிக் கூர்மையாகத் திரும்பும்போது காரின் பம்பர் சக்கரத்தில் மோதவும் வாய்ப்புண்டு. சிறிய கார்கள் பலவற்றில் கொக்கி தாங்கும் சுமை 50 முதல் 75 கிலோ வரையே என்பதால், கூடும் 12 கிலோவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முன்சுவர்

ஏர்க்காலில் இடமில்லாதபோது டிரெய்லரின் முன்சுவரை ஒட்டிச் சக்கரத்தை நிறுத்துவர். சுமைப் பயன் ஏர்க்காலில் கிடைப்பதைவிடச் சற்றுக் குறைவு. சிறு டிரெய்லர்களின் சுவர் பெரும்பாலும் மெல்லிய ஒட்டுப்பலகையும் அலுமினியத் தகடும் ஆனது. அது சக்கரத்தின் எடையைத் தாங்காது. தாங்கியின் கால் சட்டத்தில் ஊன்ற வேண்டும். சுவர் சாய்மானத்திற்கு மட்டுமே.

பின்புறம்

தோற்றத்திற்கு ஜீப்பை ஒத்திருப்பதால் பலர் இதை விரும்புகின்றனர். எனினும் மேலே கண்ட இரு குறைகளும் இதற்கு உண்டு. பம்பராகப் பொருத்தப்படும் சதுரக் குழாய் பல வண்டிகளில் மெல்லியது. ஓயாத அதிர்வினால் அதன் வெல்டிங் விரிசல் விட்டுச் சக்கரத்துடன் சாலையில் விழக்கூடும். பின்னால் வருவோருக்கு அது பேராபத்து. எண் தகடும் பின்விளக்குகளும் மறையாமல் பார்க்க வேண்டும். 1930-களில் அமெரிக்காவில் தோன்றிய கண்ணீர்த்துளி வடிவ டிரெய்லர்களில் பின்கதவைத் தூக்கினால் சமையலறை இருக்கும். அங்கே சக்கரத்தை வைத்தால் அடுப்பங்கரைக்கே வழி அடைபடும். தண்ணீர்த் தொட்டி போன்ற பாரங்களால் முன்சுமை ஏற்கெனவே மிகுந்துள்ள வண்டிகளுக்கு மட்டும் பின்புறம் பொருத்தமாகலாம்.

அடித்தளம்

சட்டத்தின் குறுக்குக் கம்பிகளுக்கு இடையே, தரைக்கு இணையாகச் சக்கரத்தைத் தொங்கவிடும் முறை இது. எடை தாழ்வாகவும் அச்சுக்கு அருகிலும் அமைவதால் வண்டியின் சமநிலைக்கு மிக நல்லது. ஐரோப்பியக் கேரவன்களில் இழுத்து நீட்டக்கூடிய குழாய்த் தாங்கிகள் இவ்விடத்தில் பயன்படுகின்றன. குறை என்னவெனில், டயர் காற்றிழந்து வண்டி தாழ்ந்து நிற்கும்போது அடியில் கைவிட இடம் இராது. மழையில் சாலையோரச் சேற்றில் படுத்துக் கழற்ற நேரலாம். சேறும் உப்பும் படிந்து நட்டுகள் துருவேறி இறுகிவிடுவதும் உண்டு. கண்ணில் படாத இடம் என்பதால் காற்றழுத்தம் பார்க்க மறந்துவிடுவர்.

பக்கவாட்டு

சக்கரக் காப்புக்கு முன்னால், பக்கச் சட்டத்தில் தாங்கி வைத்துப் பொருத்தலாம். எடை அச்சுக்கு அருகில் இருக்கும். ஆனால் வண்டியின் அகலம் கூடும். ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏறும். கதவு திறக்க இடைஞ்சல் ஆகலாம். சாலையின் போக்குவரத்துப் பக்கம் அல்லாமல் ஓரப் பக்கம் பொருத்துவது, கழற்றுவோரின் பாதுகாப்புக்கு நல்லது.

கூரை

15 கிலோவைக் கூரைக்கு ஏற்றுவதும் இறக்குவதும் எளிதன்று. எடை உயரும்போது வளைவுகளில் வண்டி சாயும் தன்மையும் கூடும். வேறு இடமே இல்லாதபோது மட்டும் இதை நாடுவர்.

காரின் உள்ளே

குறுகிய பயணங்களுக்கு மாற்றுச் சக்கரத்தைக் காரின் டிக்கியில் எடுத்துச் செல்லலாம். டிரெய்லரில் எந்த மாற்றமும் தேவையில்லை. எனினும் முகாம் பொருட்கள் அனைத்தும் அதன் மேல் அடுக்கப்பட்டால், பஞ்சரான அன்று எல்லாவற்றையும் சாலையோரத்தில் இறக்கவேண்டி வரும்.

பொருத்துமுன் பார்க்க வேண்டியவை

துளையிடுவதற்கு முன் சக்கரத்தைக் கயிற்றால் உத்தேச இடத்தில் கட்டிவைத்துச் சோதிப்பது நல்ல வழக்கம்.

• திறந்த வெளியில் மெதுவாகப் பின்னோக்கி ஓட்டி, இரு பக்கமும் முழுதாகத் திருப்பி இடைவெளி பார்த்தல்.
• சரிவான பாதையில் ஏறி இறங்கும்போது காருக்கும் சக்கரத்திற்கும் இடையே உள்ள தொலைவைக் கவனித்தல்.
• டிக்கிக் கதவு, டிரெய்லரின் கதவுகள், எரிவாயுப் பெட்டியின் மூடி ஆகியவற்றை முழுதும் திறந்து பார்த்தல்.
• கால்ஜாக்கியின் கைப்பிடியைத் தடையின்றி ஒரு முழுச் சுற்றுச் சுற்றுதல்.
• சக்கரத்துடன் பந்தின் மீதான சுமையை மீண்டும் அளத்தல்.

ஏர்க்காலில் துளையிடுவதைவிட, 'யு' வடிவ போல்ட்டுகளால் கவ்வும் தாங்கியே சிறந்தது. குழாய் வளையும்போது அதன் மேற்பரப்பும் கீழ்ப்பரப்பும்தான் மிகுந்த விசையைத் தாங்குகின்றன. அங்கே இடும் துளை விரிசலுக்குத் தொடக்கமாகும். அதிர்வில் தளராத வகை நட்டுகளையும், திருட்டைத் தடுக்க ஒரு பூட்டையும் பயன்படுத்துவர்.

பராமரிப்பு

மாற்றுச் சக்கரம் ஓடாமலே முதுமை அடையும். வெயிலின் புறஊதாக் கதிர்கள் ரப்பரை வெடிக்கச் செய்வதால், வெளியே இருக்கும் டயருக்கு உறை இடுவர். டயரின் பக்கச் சுவரில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அதன் வயதைக் காட்டும். எடுத்துக்காட்டாக, 2319 என்பது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தைக் குறிக்கும். ஒவ்வொரு பயணத்திற்கு முன்பும் மற்ற இரு டயர்களுடன் ஸ்டெப்னியின் காற்றழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

காரின் ஜாக்கி டிரெய்லரின் உயரத்திற்கும், காரின் வீல் ஸ்பானர் டிரெய்லரின் நட்டுக்கும் பொருந்துமா என்பதை வீட்டிலேயே சோதித்துக்கொள்வது நலம். சக்கரம் மாற்றும்போது டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றாமல், மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். நட்டுகளை முதலில் சற்றுத் தளர்த்திவிட்டு, ஜாக்கியை அச்சின் மீது அல்லாமல் அதன் அருகே சட்டத்தின் அடியில் கொடுத்துத் தூக்குவர். புதிய சக்கரத்தை மாட்டியபின் நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிரே இறுக்க வேண்டும். ஓட்டத்தில் அவை தளரக்கூடும் என்பதால், முதல் 80 கிலோமீட்டருக்குள் நிறுத்தி மீண்டும் இறுக்கிப் பார்ப்பது அவசியம்.